கப்பல் கிளம்பிவிடும், துறைமுகம் அங்கேயே இருக்கும்: ஸ்டார் டிரெக் தொடர்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எளிய வழி

என் அக்கா மகள் விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வந்திருந்தாள். காலையில் பசியாற, இந்திய முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடைக்குப் போனோம். ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டே கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். "மாமா, எப்பப் பார்த்தாலும் ஸ்டார் டிரெக், ஸ்டார் டிரெக்னு சொல்றீங்களே, இங்க பத்துக்கு மேல இருக்கு. இதுல எதைப் பார்க்கறது?"

"முதல்ல இருந்து பாரும்மா. 1966-ல ஆரம்பிச்சது" என்றேன். அவளும் பேச்சைத் தட்டாமல் மூன்று எபிசோட் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். பழைய நாடகம் மாதிரி இருக்கிறதாம். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு தொடரும் ஒவ்வொரு விதம் என்பதையும், எந்த விதத்தில் வேறுபடுகின்றன என்பதையும் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அன்று மாமாக் கடையில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். ஸ்டார் டிரெக் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் படிக்கலாம்.

முதலில் எல்லாத் தொடர்களுக்கும் பொதுவானதைப் பார்ப்போம். இன்னும் சில நூறு ஆண்டுகள் கழித்து பூமியில் பசி இல்லை, போர் இல்லை. மனிதர்கள் மற்றக் கிரகவாசிகளோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பை நடத்துகிறார்கள். அதன் பெயர் ஃபெடரேஷன். அதற்காக விண்வெளியில் ஆராய்ச்சிக்கும் தூதுக்கும், வேறு வழியில்லாதபோது சண்டைக்கும் போகும் படைக்கு ஸ்டார்ஃப்ளீட் என்று பெயர். எல்லாத் தொடரும் இந்த ஒரே உலகத்தில்தான் நடக்கிறது. ஒரு தொடரில் கேப்டனாக இருந்தவரின் பெயர் இன்னொரு தொடரில் பாடப்புத்தகத்தில் வரும். இவ்வளவு தெரிந்தால் போதும், எங்கிருந்தும் நுழையலாம்.

அடுத்து ஒப்பிடும் வேலை. ரசிகர்கள் கூடினால் எந்த கேப்டன் பெரியவர், எந்தக் கப்பல் அழகு என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அதனால் ஒன்றும் விளங்காது. அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஓர் எபிசோட் முடிந்த பிறகு, அதில் நடந்ததில் என்ன மிச்சம் இருக்கிறது?

பினாங்குத் தீவிலிருந்து எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியில், அதாவது பயணிகள் படகில், ஒருவர் உங்களிடம் வம்புக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரை வரும் வரை பொறுத்துக்கொள்ளலாம். இறங்கியதும் அவர் வழி அவருக்கு, உங்கள் வழி உங்களுக்கு. அதே ஆள் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால்? நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். போன வாரம் நீங்கள் சொன்ன ஒரு சொல் இந்த வாரம் திரும்பி வரும். ஸ்டார் டிரெக் தொடர்களில் சில ஃபெரி, சில பக்கத்து வீடு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா வேறுபாடும் தானாக விளங்கும்.

1966 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி அலைவரிசையில் தொடங்கிய முதல் தொடர் முழுக்க முழுக்க ஃபெரி வகை. ஜீன் ராடன்பெரி உருவாக்கியது. மூன்று சீசன், 79 எபிசோட், 1969-இல் முடிந்துவிட்டது. என்டர்பிரைஸ் என்ற கப்பல் வாரம் ஒரு கிரகத்துக்குப் போகும், அங்கே ஒரு சிக்கல் இருக்கும், கேப்டன் கர்க் அதைத் தீர்ப்பார், கப்பல் கிளம்பிவிடும். நம் பாட்டிமார் சொன்ன வேதாளக் கதை மாதிரி. வேதாளம் ஒரு கதை சொல்லி ஒரு புதிர் போடும், விக்கிரமன் விடை சொல்வான், வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும். நேற்றைய கதையில் வந்த ராஜகுமாரி என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. புதிர்தான் அங்கே முக்கியம்.

அந்தப் புதிரை மூன்று பேர் மூன்று பக்கம் பிடித்து இழுப்பார்கள் என்பதுதான் முதல் தொடரின் அழகு. வல்கன் இனத்து ஸ்பாக் அறிவின் பக்கம், டாக்டர் மெக்காய் நெஞ்சின் பக்கம், நடுவில் கர்க் முடிவெடுப்பார். செலவுக்கும் இழுபறிதான். கப்பல் ஒவ்வொரு கிரகத்திலும் இறங்குவதைப் படமாக்கக் காசு போதாது என்பதால், ஆட்களை ஒளியாகக் கரைத்து அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரைக் கண்டுபிடித்தார்கள். இன்று வரை எல்லாத் தொடரிலும் இருக்கும் அந்தக் கருவி பட்ஜெட் பற்றாக்குறையில் பிறந்தது. தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசன் முடிந்ததும் விலகத்தான் நினைத்தார். கறுப்பினப் பெண் ஒருவர் வேலைக்காரியாக இல்லாமல் அதிகாரியாகத் திரையில் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று மார்ட்டின் லூதர் கிங் அவரிடம் நேரிலேயே சொன்னார். நிக்கல்ஸ் தங்கிவிட்டார்.

ஆனாலும் இந்தத் தொடரை முதலில் பார்க்கச் சொல்ல மாட்டேன். அட்டைப் பாறைகளும் மேடைப் பேச்சும் பழகக் கொஞ்ச நாள் ஆகும். வேறொரு தொடரில் மனம் ஒட்டிய பிறகு வந்தால், தாத்தாவின் பழைய புகைப்படத்தைப் பார்க்கும் பாசத்தோடு பார்ப்பீர்கள்.

1987-இல் வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷனும் ஃபெரிதான், ஆனால் வசதியான ஃபெரி. கதை நூறு ஆண்டு தள்ளி நடக்கிறது. பேட்ரிக் ஸ்டூவர்ட் நடித்த கேப்டன் பிக்கார்ட் கை ஓங்குவதை விடப் பேசி முடிப்பதை விரும்புகிறவர். ஏழு சீசன், 178 எபிசோட். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று வைத்தால் 133 மணி நேரத்துக்கு மேல் வரும்.

இந்தத் தொடர் ஏன் வாரத்துக்கு ஒரு தனிக்கதையாக இருந்தது என்பதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. இதை ஒரே அலைவரிசை நாடு முழுவதும் ஒளிபரப்பவில்லை. அமெரிக்காவின் உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்றார்கள். ஒவ்வோர் ஊரிலும் வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம். நடுவில் நான்கு வாரம் தவறவிட்டவரும் ஐந்தாவது வாரம் உட்கார்ந்து பார்க்கும்படி கதை இருந்தாக வேண்டும். மறு ஒளிபரப்பு செய்யும்போதும் வரிசை பற்றிக் கவலைப்படக் கூடாது. இதோடு ராடன்பெரியின் கட்டளை வேறு. 24-ஆம் நூற்றாண்டு மனிதர்கள் சில்லறைச் சண்டைகளைத் தாண்டி வளர்ந்துவிட்டவர்கள், ஆகவே கப்பலின் முக்கியப் பாத்திரங்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் விதி. சண்டை இல்லாமல் நாடகம் எழுதச் சொன்னால் எழுத்தாளர்கள் எங்கே போவார்கள்? மிகவும் திண்டாடினார்கள்.

அந்தத் திண்டாட்டத்தில்தான் 1989-இல் ஓர் அற்புதம் நடந்தது. இரண்டாவது சீசனில் வரும் 'தி மெஷர் ஆஃப் எ மேன்'. டேட்டா என்ற மனித உருவ இயந்திரம் கப்பலில் அதிகாரியாக வேலை செய்கிறது. ஒரு விஞ்ஞானி அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். டேட்டா மறுக்கிறது. மறுக்க அதற்கு உரிமை உண்டா, இல்லை அது ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்தா? விவகாரம் விசாரணைக்குப் போகிறது. ஆள் பற்றாக்குறையால் டேட்டாவின் நண்பர் ரைக்கரே அதற்கு எதிராக வாதாட வேண்டிய நிலை. அவர் மறுத்தால் டேட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பு உடனே எழுதப்பட்டுவிடும். ஆகவே ஒழுங்காக வாதாட வேண்டும். ரைக்கர் டேட்டாவின் கையைக் கழற்றி நீதிபதிக்குக் காட்டுகிறார். அப்புறம் பின்னால் போய் நின்று, முதுகில் இருக்கும் விசையை அமுக்குகிறார். பேசிக்கொண்டிருந்த நண்பன் பொம்மை மாதிரி மேசை மேல் சாய்கிறான். அந்த இடத்தில் ரைக்கரின் முகத்தைப் பாருங்கள். வாதத்தில் தான் ஜெயித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிகிறது, அதைத் தாங்க முடியவில்லை.

டேட்டாவுக்காக வாதாடும் பிக்கார்டுக்கு வழி காட்டுவது மதுக்கூடம் நடத்தும் கைனன் என்ற பெண். வூப்பி கோல்ட்பர்க் நடித்த பாத்திரம். அழுக்கு வேலையைச் செய்ய, செய்து முடித்ததும் தூக்கி எறிய, கேள்வி கேட்க யாரும் இல்லாத ஒரு கூட்டம் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது என்று அவர் மெல்லச் சொல்வார். ஆயிரம் டேட்டாக்களை உருவாக்கினால் அவர்கள் அந்தக் கூட்டமாகத்தானே ஆவார்கள்? ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

தீர்ப்பு வருகிறது. அடுத்த வாரம் கப்பல் வேறு வேலையாக வேறு பக்கம் போய்விடுகிறது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கு மன்றம் மாதிரி ஒரே ஒரு கேள்வியை எடுத்து, வேறு எதையும் உள்ளே விடாமல், முக்கால் மணி நேரத்தில் அடிமட்டம் வரை பார்ப்பதற்கு இந்த வடிவம்தான் பொருத்தம். தொடர்கதையில் இந்தக் கூர்மை வராது. நெக்ஸ்ட் ஜெனரேஷனில் எதுவுமே மிஞ்சாது என்றும் சொல்லிவிட முடியாது. பிக்கார்டை போர்க் என்ற எதிரிகள் பிடித்துத் தங்களில் ஒருவராக மாற்றி, அவரை வைத்தே அவருடைய மக்களைக் கொல்கிறார்கள். மீட்கப்பட்ட பிறகு வரும் எபிசோடில் அவர் சொந்த ஊருக்குப் போய் அண்ணனோடு சேற்றில் கட்டிப்புரண்டு சண்டை போட்டுவிட்டு உடைந்து அழுவார். 1990-இல் இது புதுசு. கதவு கொஞ்சம் திறந்தது.

அந்தக் கதவை முழுசாகத் திறந்தது 1993-இல் தொடங்கிய டீப் ஸ்பேஸ் நைன். இங்கே நான் சற்று அதிக நேரம் நிற்கப்போகிறேன். பினாங்கில் பிறந்து வளர்ந்த எவரும் நிற்கத்தான் வேண்டும்.

இந்தத் தொடரில் கதையின் நடுவில் இருப்பது ஓர் இடத்தில் நிற்கும் விண்வெளி நிலையம். பஜோர் என்ற கிரகத்தைக் கார்டாசியர்கள் என்ற இனத்தவர் ஐம்பது ஆண்டு ஆண்டார்கள். கனிமம் தோண்டினார்கள், மக்களை முகாம்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் பஜோர் மக்களின் உழைப்பை உறிஞ்சிக் கட்டிய நிலையம் அப்படியே மிஞ்சியது. அதில் சிஸ்கோ என்ற அதிகாரியின் தலைமையில் ஸ்டார்ஃப்ளீட் ஆட்களும் பஜோர் ஆட்களும் சேர்ந்து குடியேறுகிறார்கள். முதல் எபிசோடிலேயே பக்கத்தில் ஒரு விண்துளை திறக்கிறது. அண்டத்தின் மறுகோடிக்குப் போகும் குறுக்குவழி. ஒரே நாளில் அந்தப் பாழடைந்த நிலையம் உலகமே கடந்து போகும் துறைமுகமாகிவிடுகிறது.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். கார்ன்வாலிஸ் கோட்டையின் செங்கல் சுவர், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைவேலை. அதைக் கட்டச் சொன்னவர்கள் போய்விட்டார்கள். சுவர் நிற்கிறது, நாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், குயீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், எல்லாம் நடந்து போகும் தூரத்தில். மலாக்கா நீரிணையில் கப்பல்கள் போய் வந்ததால் உண்டான ஊர் இது. டீப் ஸ்பேஸ் நைனின் கடைத்தெருவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் பாசார் தெருதான் ஞாபகம் வரும். ஒரு பக்கம் பஜோர் கோயில், எதிரில் லாபம் ஒன்றையே மதமாகக் கொண்ட குவார்க்கின் மதுக்கூடம், இந்தப் பக்கம் காரக் என்ற கார்டாசியரின் தையல் கடை. ஆண்ட இனத்தில் அங்கே மிஞ்சிய கடைசி ஆள், தன்னை வெறுப்பவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். இவர்கள் யாரும் அடுத்த வாரம் கிளம்பிப் போக மாட்டார்கள். சண்டை போட்டாலும் அதே தெருவில்தான் நடமாட வேண்டும்.

ராடன்பெரி 1991-இல் காலமாகிவிட்டார். அவர் விதியை நேரடியாக மீறாமலே எழுத்தாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாதிப் பேர் ஸ்டார்ஃப்ளீட்டைச் சேராதவர்கள் என்றால், அவர்களுக்கு அந்த விதி பொருந்தாதே! துணைத் தலைவி கீரா, ஆக்கிரமிப்புக் காலத்தில் குண்டு வைத்த போராளி. அவளுக்குக் கோபம் வரும். சிஸ்கோவோடு மோதுவாள். நாடகம் பிறந்துவிட்டது.

முதல் சீசனில் 'டூயட்' என்று ஓர் எபிசோட். நிலையத்துக்கு நோயாளியாக வருகிற ஒரு கார்டாசியருக்கு இருக்கும் நோய், ஒரு குறிப்பிட்ட வதை முகாமில் இருந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடியது. கீரா அவரைக் கைது செய்கிறாள். நான் வெறும் கோப்பு எழுதும் குமாஸ்தா என்கிறார். பிறகு பிடிபட்டவர் போல, நான்தான் அந்த முகாமின் தளபதி, உங்கள் மக்களைக் கொன்றவன் நான்தான் என்று வாய் கிழியப் பெருமை பேசுகிறார். கீராவுக்கு ரத்தம் கொதிக்கிறது. கடைசியில் உண்மை வெளிவருகிறது. அவர் குமாஸ்தாவேதான். இரவில் அலறல் சத்தம் கேட்கக் கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவர். தளபதி என்று பொய் சொல்லித் தூக்கில் தொங்கினால், தன் நாடு தான் செய்ததை ஒப்புக்கொள்ளும் என்று நம்பி வந்திருக்கிறார். பெரும்பாலும் ஒரே அறை, கம்பிக்குப் பதில் ஒளித்திரை, இரண்டு பேர். விலை உயர்ந்த காட்சி எதுவுமே இல்லை.

இதை நான் முதலில் பார்த்தபோது எனக்கு என் அம்மாவின் பெரியப்பா நினைவு வந்தது. சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் காலத்தில், சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ரயில் போடக் கொண்டுபோகப்பட்டவர். அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் ஒருவர். திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அங்கே பெயர்ப்பட்டியல் எழுதிய குமாஸ்தா ஒருவன் இருந்திருப்பான் அல்லவா, அவன் அப்புறம் எப்படித் தூங்கினான் என்று அன்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

இந்த எபிசோட் முடிந்தாலும் கீரா மாறிவிட்டாள், அது அடுத்தடுத்த சீசன்களில் தெரியும். மிச்சம் என்று நான் சொல்வது இதைத்தான். பின்னால் டொமினியன் என்ற வல்லரசோடு போர் வருகிறது. ஆறாவது சீசனில் 'இன் தி பேல் மூன்லைட்' என்ற எபிசோடில் சிஸ்கோ நம்மை நேராகப் பார்த்துப் பேசுகிறார். போரில் தோற்காமல் இருக்கப் பொய் சொன்னேன், ஏமாற்றினேன், கொலைக்குத் துணை போனேன் என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறார். பேசப் பேசச் சீருடையின் மேல் சட்டை கழன்று, கையில் கோப்பை வருகிறது. முடிவில் இதோடு என்னால் வாழ முடியும் என்கிறார். அதையே இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறார், தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில். பிறகு அந்தப் பதிவை அழித்துவிடச் சொல்கிறார். பிக்கார்டின் கப்பலில் இப்படி ஒரு கதை நடந்திருக்க முடியாது. பிக்கார்ட் நல்லவர் என்பது மட்டும் காரணமில்லை. அவர் கப்பல் அடுத்த வாரம் கிளம்பிவிடும். சிஸ்கோ அங்கேயே இருந்தாக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல அளவுகோல் வேண்டுமென்றால் ஓ'பிரையனைப் பின்தொடருங்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷனில் அவர் டிரான்ஸ்போர்ட்டர் மேடைக்குப் பின்னால் நின்று பொத்தானை அமுக்குகிறவர். பெரியவர்கள் சாகசத்துக்குப் போவார்கள், இவர் அனுப்பிவைப்பார். டீப் ஸ்பேஸ் நைனுக்கு மாறிப் போகும் நாளில், பிக்கார்டே அந்த அறைக்கு வந்து, தன் கையால் பொத்தானை அமுக்கி அவரை வழியனுப்புகிறார். நிலையத்தில் அதே ஓ'பிரையன் தலைமைப் பொறியாளர். கார்டாசியர் விட்டுப்போன ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று படுத்துவிடும். வேலை முடிந்து வந்தால் மனைவிக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை, பிள்ளையை வளர்க்க வேண்டும். கோப்பி கேட்டால் இரட்டைக் கடுப்பு, இரட்டை இனிப்பு என்று கேட்பார். நம் ஊரில் கோப்பி கவ் கேட்கும் ஆட்கள் மாதிரி. நடிகர் கோல்ம் மீனி மாறவில்லை, பாத்திரத்தின் குணமும் மாறவில்லை. தொடரின் வடிவம் மாறியதும் அவருக்கு ஒரு வாழ்க்கை வந்துவிட்டது.

வாயேஜர் 1995-இல் யூபிஎன் என்ற புதிய அலைவரிசையின் முதல் நிகழ்ச்சியாக வந்தது. முதன்முறையாக ஒரு பெண் கேப்டன் தலைமைப் பாத்திரம், கேட் மல்குரூ நடித்த ஜேன்வே. கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி வீசப்படுகிறது. முழு வேகத்தில் வந்தாலும் திரும்ப 75 ஆண்டு ஆகும். கப்பலில் ஒரு பகுதியினர் நேற்று வரை எதிரிகளாக இருந்த போராளிகள். இதைவிட நல்ல தொடர்கதைக் கரு கிடைக்குமா? ஆனால் அலைவரிசைக்கு வேண்டியது வாரம் ஒரு தனிக்கதை. தொடக்கத்தில் ஒரு எபிசோடில், 38 ஏவுகணைகள்தான் இருக்கின்றன, தீர்ந்தால் வேறு கிடைக்காது என்கிறார்கள். ரசிகர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். அந்தக் கணக்கு எப்போதோ தாண்டிப் போனது, ஏவுகணை மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு வாரமும் கப்பல் கழுவித் துடைத்த காடி மாதிரிப் பளபளவென்று வந்து நிற்கும். 1997-இல் 'யியர் ஆஃப் ஹெல்' என்ற இரண்டு பகுதிக் கதையில் கப்பல் துண்டு துண்டாகச் சிதைவதைக் காட்டினார்கள். மனதை உலுக்கும் கதை. முடிவில் காலமே பின்னோக்கிப் போய், நடந்தது எதுவும் நடக்காததாகிவிடுகிறது!

துறைமுகக் கதையை ஃபெரியில் ஏற்றியதுதான் வாயேஜரின் சிக்கல் என்று நினைக்கிறேன். ஆனாலும் இரண்டு பேருக்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருவர், அவசரத்துக்கு மட்டும் இயக்க வேண்டிய ஒளியுருவ மருத்துவர். வேறு மருத்துவர் இல்லாத நிலையில் வருடக்கணக்காக ஓடி ஓடி, பாட்டு பாடவும் சொந்தமாக ஆசைப்படவும் கற்றுக்கொள்கிறார். இன்னொருவர், நான்காவது சீசனில் வரும் செவன் ஆஃப் நைன். பிக்கார்டைப் பிடித்த அந்த 'போர்க்' எதிரிகளின் கூட்டத்திலிருந்து மீட்கப்பட்டு, 'நாங்கள்' என்று சொல்லிப் பழகிய வாயால் 'நான்' என்று சொல்லக் கற்கும் பெண். கப்பலில் எதுவும் மிஞ்சாவிட்டாலும் இவர்கள் இருவருக்குள்ளும் எல்லாம் மிஞ்சியது.

2001 முதல் 2005 வரை வந்த என்டர்பிரைஸ் ஃபெடரேஷன் பிறப்பதற்கு முந்திய கதை. மற்றவற்றைப் பார்த்தவர்களுக்கு அடித்தளம் போடுவதைப் பார்க்கும் சுகம் கிடைக்கும், புதியவர்கள் அவசரப்பட வேண்டாம். அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டு புதுத் தொடரே இல்லை.

2017-இல் டிஸ்கவரி வந்தபோது தொலைக்காட்சியே மாறிவிட்டிருந்தது. வேண்டியபோது வரிசையாகப் பார்க்கும் காலம். தவறவிடுவது என்ற பேச்சே இல்லை. ஆகவே ஒரு சீசன் முழுக்க ஒரே கதை என்று வைத்தார்கள். நம் வார இதழ்த் தொடர்கதை மாதிரி, ஒவ்வொரு பகுதியும் கொக்கியோடு முடியும். முதல் எபிசோடின் தொடக்கப் பகுதியில் பாலைவனத்தில் நடந்து வரும் கேப்டன் ஜார்ஜியூவாக ஈப்போவில் பிறந்த நம் மிஷல் இயோ. அவர் தன் சொந்தப் பேச்சுத் தொனியிலேயே பேசுவதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. விண்கப்பல் கேப்டன் நாற்காலியில் நம் ஊர்க் குரல்!

டிஸ்கவரியின் ஐந்து சீசனும் சேர்த்து 65 எபிசோட்தான். அந்தக் காலத்தில் ஒரு சீசனுக்கு 26 எடுத்தார்கள். இந்த எண்ணிக்கை வேறுபாடு வெறும் கணக்கு இல்லை. 26 இருந்தால் கதை நகராத வாரங்களும் இருக்கும். டீப் ஸ்பேஸ் நைனின் கடைசி சீசனில், போர் உச்சத்தில் இருக்கும்போது, சிஸ்கோவும் ஆட்களும் ஒரு பேஸ்பால் ஆட்டம் ஆடுவார்கள். ஆடத் தெரியாமல் படுதோல்வி. அந்த வாரம் கதைக்கு ஒன்றுமே தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்ட வாரங்களில்தான் அவர்கள் நமக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். உலகத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் டிஸ்கவரியில் பாதிப் பேரின் பெயர் எனக்கு மூன்றாவது சீசன் வரை மனதில் நிற்கவில்லை. கப்பலை ஓட்டுகிறவரின் அம்மா யார், அவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று தெரிந்தால்தானே அவருக்கு ஆபத்து வரும்போது நெஞ்சு பதறும்?

இதைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்திருக்க வேண்டும். 2022-இல் வந்த ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் சீசனுக்குப் பத்து எபிசோட் கொண்டதாக இருந்தாலும் பழையபடி வாரம் ஒரு கதை. நிகழ்வுகள் கிளம்பிப் போய்விடும், மனிதர்களின் மனக்காயம் மட்டும் தொடர்ந்து வரும். ஃபெரியும் பக்கத்து வீடும் கலந்த கலவை. இதன் கேப்டன் பைக் யார் தெரியுமா? 1960-களில் முதல் தொடருக்காக எடுத்து, என்பிசி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய முன்னோட்டப் படத்தின் கதாநாயகன். அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து அவருக்கும் ஒரு தொடர் கிடைத்துவிட்டது. 2020 முதல் 2024 வரை வந்த லோயர் டெக்ஸ் கார்ட்டூன் வடிவம். கேப்டன்களை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தில் வேலை செய்யும் இளையவர்களைக் காட்டுகிறது. அதன் நகைச்சுவை எல்லாம் பழைய தொடர்களைத் தெரிந்தவர்களுக்கு இரட்டிப்பாகப் புரியும், அதனால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். புராடிஜி பிள்ளைகளுக்கு நல்ல வாசல். பிக்கார்ட் என்ற பெயரிலேயே வந்த தொடர், நெக்ஸ்ட் ஜெனரேஷன் பார்க்காதவருக்கு முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

சரி, எதில் தொடங்குவது? வேலை முடிந்து களைப்பாக வந்து ஒரு கதை பார்த்துவிட்டுத் தூங்க வேண்டும் என்றால் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ். மனிதர்களோடு நீண்ட நாள் குடியிருக்க நேரம் இருக்கிறது என்றால் டீப் ஸ்பேஸ் நைன், முதல் சீசன் கொஞ்சம் மெதுவாகப் போகும், பொறுங்கள். எந்தப் பக்கம் என்றே தெரியாவிட்டால் 'தி மெஷர் ஆஃப் எ மேன்', 'டூயட்' இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பாருங்கள். இரண்டிலும் பெரும்பகுதி அறைக்குள் உட்கார்ந்து பேசுவதுதான். இரண்டிலும் ஒருவரின் உயிர் சொல்லில் தொங்குகிறது. ஒன்றில் கதவு மூடிக்கொள்ளும், இன்னொன்றில் திறந்தே கிடக்கும். உங்களுக்கு எது பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அக்கா மகளுக்கும் இந்த இரண்டையும்தான் கடைசியில் அனுப்பிவைத்தேன். ஒரு வாரம் பேச்சில்லை. போன வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு அழைத்தாள். டேட்டாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மாமா, சயாமுக்குப் போன நம்ம தாத்தா பேரு என்ன?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா என்று அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். விடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.